மகனைக் கடற்படையில் சேர்க்க யாரைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: ஐயா, நான் தென் மாவட்டத்தில் சிறிய இரும்புச் சாமான் கடை நடத்துகிறேன். எட்டாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. மகன் பிளஸ் ஒன் படிக்கிறான்; கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ள பிரிவு. 16 வயது முடிந்துவிட்டது. கடற்படை அதிகாரியாக வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். எங்கள் குடும்பத்தில் யாரும் ராணுவத்தில் இல்லை. மேலிடத்தில் ஆள் இல்லாமல் இந்த வேலை கிடைக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மனைவி வழி உறவினர் ஒருவருக்கு எம்.பி.யைத் தெரியும். இன்னொருவர் டெல்லியில் ஆள் இருப்பதாகச் சொல்லி 6 லட்சம் கேட்கிறார். முன்பணம் 1 லட்சம். நிலத்தை விற்றாவது கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். யாரைப் பார்த்தால் காரியம் நடக்கும்? சேர்ந்த பிறகு அவன் மேலே போகவும் ஆள் வேண்டுமா?

பதில்: அன்புள்ள ஐயா, முதலில் ஒன்று. நிலத்தை விற்காதீர்கள். அந்த 1 லட்சத்தையும் கொடுக்காதீர்கள். மீதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

கடற்படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேர்வு வாரியத்தில் நேர்முகம் செய்யும் இடத்திலும் இருந்திருக்கிறேன். உங்களைப் போன்ற தகப்பன்மார் எழுதும் கடிதங்கள் நிறைய வருகின்றன. பெற்ற பிள்ளைக்காக யார் வாசலில் வேண்டுமானாலும் போய் நிற்கத் தயாராக இருக்கும் மனிதர்கள். அந்தத் தவிப்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது போய்ச் சேரும் இடம் தவறாக இருக்கிறது.

ஆள் வேண்டும் என்ற பேச்சு ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. பழைய பிரிட்டிஷ் கடற்படையில் பையன்களைக் கப்பலில் சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் கேப்டனின் விருப்பம்தான். புகழ்பெற்ற நெல்சனே 1771-ல், 12 வயதில், தன் தாய்மாமன் மாரிஸ் சக்ளிங் கேப்டனாக இருந்த கப்பலில்தான் முதலில் சேர்ந்தார். தகப்பன்மார் அட்மிரல்களுக்குக் கடிதம் எழுதுவதும், பிரபுக்களைப் போய்ப் பார்ப்பதும் அன்றைக்கு வெளிப்படையாக நடந்த காரியம். இன்றைய இந்தியக் கடற்படையின் தேர்வு முறையில் அந்தக் கதவு இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்று உங்களுக்குப் புரிந்துவிட்டால், அந்த 6 லட்சத்தின் கதையும் புரிந்துவிடும்.

உங்கள் மகன் போகவேண்டிய முக்கியமான வழி என்.டி.ஏ. தேர்வு. முப்படைகளுக்கும் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேர்வதற்கான தேர்வு அது. யு.பி.எஸ்.சி. இதை ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. கணிதத்துக்கு 300 மதிப்பெண், ஆங்கிலமும் பொது அறிவும் அறிவியலும் சேர்ந்த தாளுக்கு 600. ஆக எழுத்துத் தேர்வு 900. அதில் தேறினால் எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியம், அதற்கும் 900. இரண்டையும் கூட்டித்தான் தரவரிசை வரும். சாதி, மாநிலம், அதிகாரி வீட்டுப் பிள்ளை என்ற எந்த ஒதுக்கீடும் இதில் கிடையாது. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் என்.டி.ஏ. வழியாகக் கடற்படைக்கு 42 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இடம் குறைவு, போட்டி கடுமை. அதனால்தான் இடைத்தரகர்களுக்குப் பேச இடம் கிடைக்கிறது.

எழுத்துத் தேர்வில் யாரும் எதுவும் செய்ய முடியாது என்று உங்கள் டெல்லி ஆளே ஒப்புக்கொள்வார். 'எஸ்.எஸ்.பி.யில் பார்த்துக்கொள்கிறேன்' என்பார். சரி, அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

ஐந்து நாள் அங்கேயே தங்கவேண்டும். வந்து சேர்ந்ததும் ஒவ்வொருவருக்கும் மார்பில் கட்டிக்கொள்ள ஓர் எண் கொடுப்பார்கள். அதன் பிறகு குழுத் தேர்வுகளில் பையனின் அடையாளம் அந்த எண்தான். முதல் கட்டத்திலேயே கணிசமானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மீதிப்பேரை மூன்று பேர் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். ஒருவர் உளவியலாளர். இவர் பையனின் முகத்தைப் பார்க்காமல், அவன் எழுதிய தாள்களை வைத்தே மதிப்பிடுகிறார். படம் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். 60 சொற்களைக் காட்டி, சொல்லுக்கு 15 வினாடியில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். 60 சூழ்நிலைகளைக் கொடுத்து, நீ என்ன செய்வாய் என்று அரை மணி நேரத்தில் எழுதச் சொல்வார்கள். இன்னொருவர் மைதானத்தில் பையன்களைக் குழுவாக வைத்து, பலகையும் கயிறும் மரக்கட்டையும் கொடுத்து, தடைகளைத் தாண்டவைத்துப் பார்ப்பவர். மூன்றாமவர் நேர்முகம் செய்பவர். மூவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் மதிப்பெண் போட்டு, கடைசி நாள் கூட்டத்தில்தான் ஒன்றாக உட்காருகிறார்கள். அவர்கள் பார்ப்பது பொறுப்புணர்ச்சி, தானாக முன்வருதல், துணிவு, பிறரோடு ஒத்துப்போவது என்று 15 குணங்கள்.

ஒரு பையனுக்காக யாரையாவது பிடிக்கவேண்டுமென்றால் இந்த மூன்று பேரையும் பிடிக்கவேண்டும். அவன் எந்த ஊர் வாரியத்துக்கு எந்தக் குழுவில் போவான், அந்த வாரம் யார் யார் மதிப்பிடுவார்கள் என்பதெல்லாம் வெளியே இருக்கும் ஆளுக்கு எப்படித் தெரியும்? எம்.பி.யின் கடிதம் வந்தாலும் அதைச் சேர்க்க எந்தத் தாளிலும் இடமில்லை.

இடமில்லை என்பதோடு முடியவில்லை. யு.பி.எஸ்.சி. அறிவிப்பில் முறைகேடுகள் என்று ஒரு பட்டியல் உண்டு. தேர்வு நடத்துபவர்களுக்குப் பணம் கொடுத்தோ, நெருக்குதல் தந்தோ தனக்கு ஆதரவு தேடுவது அதில் வருகிறது. தெரிந்தால் விண்ணப்பத்தை ரத்து செய்யலாம், இனி வரும் தேர்வுகளிலிருந்தும் விலக்கி வைக்கலாம். லஞ்சம் கொடுப்பவர் நிலையும் மாறிவிட்டது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, வாங்கியவரோடு கொடுத்தவருக்கும் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நீங்கள் மகன் மேல் உள்ள பாசத்தில் செய்யும் காரியம் அவன் பெயரில் ஒரு வழக்காக நிற்கலாம்.

'யாருமே பணம் கொடுத்துச் சேர்ந்ததில்லையா?' என்று நீங்கள் கேட்பீர்கள். மறைக்கமாட்டேன். 2021 மார்ச்சில், எஸ்.எஸ்.பி. வழியாக அதிகாரிகளைத் தேர்வு செய்வதில் லஞ்சம் வாங்கியதாகத் தரைப்படை அதிகாரிகள் உள்பட பலர் மீது சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. பெயரும் சீருடையும் எல்லாம் செய்தித்தாளில் வந்தது. பணம் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் எந்தப் பயத்தோடு தூங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் அந்த வரிசையில் போய் நிற்கவேண்டாம்.

பெரும்பாலான தரகர்களுக்கு உள்ளே யாரையும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் பத்துத் தகப்பன்மாரிடம் பணம் வாங்குகிறார். பையன்கள் தேர்வுக்குப் போகிறார்கள். இரண்டு பேர் தங்கள் சொந்தத் திறமையால் தேர்வாகிறார்கள். அந்த இரண்டு பேரின் பணத்தைத் தரகர் வைத்துக்கொள்கிறார். மற்ற எட்டுப் பேருக்கும், 'இந்தத் தடவை முடியவில்லை' என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார், முழுதாகவோ, பாதியாகவோ. 'ஆகவில்லையென்றால் பணத்தைத் திருப்பித் தரும் நாணயமான ஆள்' என்ற பெயர் வேறு அவருக்கு வந்துவிடுகிறது. தேர்வான பையனின் தகப்பனோ கடைசிவரை தன் பணத்தால்தான் நடந்தது என்று நம்பிக்கொண்டிருப்பார். எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது அதுதான். பையன் ராத்திரி பகலாகப் படித்து வாங்கியதை வீட்டிலேயே யாரும் நம்பமாட்டார்கள். உங்களிடம் வந்தவரும், 'ஆகவில்லையென்றால் பணம் வாபஸ்' என்று சொன்னாரா என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது, குடும்பத்தில் யாரும் ராணுவத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது பையனுக்குக் குறையாகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். எஸ்.எஸ்.பி.யில் முதலில் ஒரு விவரப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். அதில் தகப்பனின் தொழில், படிப்பு, வருமானம் எல்லாம் கேட்டிருக்கும். அது மதிப்பெண் போடுவதற்காக இல்லை. இந்தப் பையன் எந்தச் சூழலில் வளர்ந்தான், அந்தச் சூழலில் கிடைத்ததை வைத்து என்ன செய்தான் என்று தெரிந்துகொள்ளத்தான். நேர்முகத்தில் பெரும்பாலும் அந்தப் படிவத்திலிருந்துதான் பேச்சு தொடங்கும்.

உங்கள் கடையைப் பற்றி அவனிடம் கேட்டால் என்ன சொல்வான்? ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்கிறானா? கடன் சொல்லிவிட்டுப் போன கொத்தனாரிடம் முகம் கோணாமல் பணம் கேட்கத் தெரியுமா? சரக்கு வந்து இறங்கும்போது லோடுமேனோடு நின்று கணக்குப் பார்த்திருக்கிறானா? தவறான அளவு ஆணி அனுப்பிய மொத்த வியாபாரியிடம் போனில் பேசி மாற்றி வாங்கியிருக்கிறானா? இவற்றில் ஒன்றை அவன் உண்மையாகச் செய்திருந்தால், அதைத் தன் வாயால் சொல்லும்போது எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த பதிலுக்கு யாரும் நிமிர்வதில்லை. ஐந்தாவது வாக்கியத்தில் அது தெரிந்துவிடும்.

அதனால்தான் உங்களிடம் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இந்தத் தேர்வு பார்ப்பது, ஒரு பையன் தன் பிரச்சினையைத் தானே எடுத்துச் செய்கிறானா என்பதைத்தான். அவனுக்காக ஆள் பிடிக்க, விண்ணப்பம் போட, டிக்கெட் எடுக்க, சட்டை தேர்ந்தெடுக்க எல்லாவற்றுக்கும் தகப்பன் ஓடினால், அந்தக் குணம் வளர இடமே இல்லாமல் போகிறது. மைதானத்தில் எட்டு, பத்துப் பேர் ஒரு மரக்கட்டையைச் சுற்றி நிற்கும்போது, யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கும் பையனைப் பார்த்தாலே தெரியும், வீட்டில் இவனை எதையும் செய்யவிட்டதில்லை என்று. நல்ல பையன்கள்தான். மார்க்கும் நிறைய இருக்கும். ஆனால் நடுக்கடலில் இஞ்சின் அறையில் தீப்பிடித்தால் அந்த இடத்திலேயே முடிவெடுக்க வேண்டியவர் அந்த அதிகாரிதான். அப்போது அவருக்காகப் போன் செய்ய யாரும் இல்லை.

ஆகவே யு.பி.எஸ்.சி. அறிவிப்பை அவனே படிக்கட்டும். அவனே விண்ணப்பிக்கட்டும். கட்டணம் 100 ரூபாய்தான். என்.டி.ஏ.வில் சேர வயது ஏறத்தாழ 16½ முதல் 19½ வரை. பிறந்த தேதி வரம்பு ஒவ்வொரு அறிவிப்பிலும் தெளிவாக இருக்கும். பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம். எஸ்.எஸ்.பி.க்கு அழைப்பு வந்தால், பெங்களூரோ போபாலோ விசாகப்பட்டினமோ, தனியாகப் போய் வரட்டும். முதல் முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். ஒரு தடவை தேர்வாகவில்லை என்றால் வயது இருக்கும்வரை மறுபடி போகலாம். இரண்டாவது, மூன்றாவது தடவையில் தேர்வானவர்கள் கடற்படையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். தமிழ் வழியில் படிக்கும் பையன் என்றால், பணத்தைத் தரகரிடம் கொடுப்பதற்குப் பதில் ஒரு நல்ல ஆங்கில ஆசிரியரிடம் இன்றைக்கே அனுப்புங்கள். தினமும் ஓர் ஆங்கில நாளிதழ் வாசித்து, வாசித்ததைப் பற்றிப் பத்து நிமிடம் வாய்விட்டுப் பேசட்டும். உச்சரிப்பு நம்ம ஊர் மாதிரி இருந்தால் பரவாயில்லை. நினைத்ததைச் சொல்ல முடியாமல் திணறுவதுதான் பிரச்சினை. நம் பக்கத்துப் பையன்கள் பலர் குழு விவாதத்தில் வாயைத் திறக்காமலே திரும்பி வருவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது.

என்.டி.ஏ. ஒன்றுதான் வழி என்றும் இல்லை. கேரளத்தில் கண்ணூருக்குப் பக்கத்தில் எழிமலை என்ற இடத்தில் இந்தியக் கடற்படை அகாடமி இருக்கிறது. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சேர்ந்து 70 சதவீதமும், ஆங்கிலத்தில் (பத்தாவதிலோ பிளஸ் டூவிலோ) 50 சதவீதமும் வாங்கி, ஜே.இ.இ. மெயின் என்ற பொறியியல் நுழைவுத் தேர்வின் தரவரிசையிலும் நல்ல இடத்தில் இருந்தால், எஸ்.எஸ்.பி. வழியாக நேரே அங்கே நான்காண்டு பி.டெக். படிப்பில் சேரலாம். அரசே செலவை ஏற்கிறது. இதெல்லாம் தவறினாலும் பட்டப்படிப்பு முடித்த பிறகு அதிகாரியாக நுழையும் வழிகள் உண்டு. 17 வயதில் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று வீட்டில் யாரும் பேசக்கூடாது.

அக்னிவீர் என்பது வேறு. அது மாலுமி நிலையில் நான்காண்டுப் பணி. முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மதிப்பான வேலைதான், ஆனால் உங்கள் மகன் கேட்பது இது இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். வணிகக் கப்பல் வேலையும் கடற்படை இல்லை. அதற்கும் 'நேவி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதால், சில தரகர்கள் கடற்படை என்று பேச்சைத் தொடங்கி, கடைசியில் ஏதோ ஒரு தனியார் கப்பல் பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்வார்கள். உங்களிடம் வந்தவர் எந்தத் தேர்வு, எந்த அறிவிப்பு என்று பெயர் சொல்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மருத்துவப் பரிசோதனை விஷயத்தில் மட்டும் நீங்கள் இப்போதே பணம் செலவழியுங்கள். கண் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போய்ப் பார்வையையும், நிறங்களைப் பிரித்தறிகிறானா என்பதையும் சோதியுங்கள். கடலில் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் மாற்றிப் பார்த்தால் கப்பலே மோதும். அதனால் நிறக்குருடு இருந்தால் கடற்படையில் சிக்கல். அதை எந்தச் சிபாரிசும் மாற்றாது. பிறவியில் வந்தால் சிகிச்சையும் கிடையாது. இரண்டு வருடம் கழித்துத் தெரிவதைவிட இப்போதே தெரிந்தால் பையன் மனதை வேறு பக்கம் திருப்ப நேரம் இருக்கும். பல், காது, கால் முட்டி, பாதம் எல்லாவற்றையும் ஒரு பொது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சரிசெய்யக்கூடியவை நிறைய. வாரியத்துக்குப் பிறகு ராணுவ மருத்துவமனையில் தகுதியில்லை என்று சொன்னாலும் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவிடம் போகும் உரிமை அவனுக்கு உண்டு. அந்தச் சமயத்தில்தான் 'நான் பாஸ் பண்ணி வைக்கிறேன்' என்று ஆட்கள் வருவார்கள். கதவைச் சாத்திவிடுங்கள்.

சேர்ந்த பிறகு மேலே போக ஆள் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். என்.டி.ஏ.வில் மூன்றாண்டு, எழிமலையில் ஓராண்டு முடித்து, அதிகாரியின் முதல் பதவியான சப் லெப்டினன்ட் ஆனால், தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய்; படிகள் தனி. இரண்டாண்டில் லெப்டினன்ட், ஆறு ஆண்டில் லெப்டினன்ட் கமாண்டர், 13 ஆண்டில் கமாண்டர். கமாண்டர் வரை, தேவையான தேர்வுகளையும் தகுதிகளையும் முடித்தால் காலக் கணக்கில் வரும். அதற்கு மேல் கேப்டன் பதவிக்குத் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே பேசுவது ஆண்டுதோறும் மேலதிகாரிகள் எழுதிய ரகசிய அறிக்கைகள். வெளியிலிருந்து ஆள் வைத்துப் பேசச் சொல்வதைச் சேவை விதிகள் தடை செய்கின்றன. அப்படிச் செய்தவர் என்று ஒரு பெயர் வந்துவிட்டால், அது கப்பலுக்குக் கப்பல் அவரோடு போகும்.

உறவினருக்குத் தெரிந்த அந்த எம்.பி.யைப் பார்க்கவே வேண்டாமா? பாருங்கள், ஆனால் வேறு காரியத்துக்கு. உங்கள் ஊர்ப் பள்ளியில் என்.சி.சி. தொடங்கவோ, நூலகத்துக்கு ஆங்கில நாளிதழ் வரவழைக்கவோ கேளுங்கள். அது வெளிப்படையாகக் கேட்கக்கூடியது, பத்துப் பிள்ளைகளுக்குப் பயன்படும். அப்புறம், கடற்படையில் வேலை பார்த்தவர் யாராவது சுற்று வட்டாரத்தில் இருந்தால், மாலுமியாக இருந்தவரானாலும் சரி, மகனை அவரிடம் அனுப்புங்கள். கப்பலில் எத்தனை மாதம் வீட்டைப் பிரிந்திருக்க வேண்டியிருக்கும், அலையில் வாந்தி எடுத்துக்கொண்டே எப்படிக் காவல் நிற்பார்கள், பண்டிகை நாளில் எங்கே இருப்பார்கள் என்று கேட்டு வரட்டும். முடிந்தால் ஒரு தடவை விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்குள் போய் வாருங்கள். 1971 போரில் பணியாற்றிய கப்பல். உள்ளே எவ்வளவு இடுக்கில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகும் அவன் ஆசை குறையவில்லை என்றால், 'ஏன் கடற்படை?' என்ற கேள்விக்கு அவனிடம் சொந்தப் பதில் இருக்கும்.

ஆசை யாருடையது என்பதையும் ஒரு தடவை அவனிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அவனுடையதுதான் என்று தோன்றுகிறது. ஆனாலும் கேளுங்கள். பயிற்சியின் நடுவில் தன் விருப்பத்தில் விலகினால், அதுவரை ஆன செலவைத் திருப்பிக் கட்டச் சேரும்போதே பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவார்கள்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோர்களில் சிறு பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது, 6, 9 வகுப்புகளில் நுழைவுத் தேர்வு மூலம் சேரலாம். டேராடூன் ராணுவக் கல்லூரிக்கு (பெயர் கல்லூரி என்றாலும் அது பள்ளிதான்) 8-ஆம் வகுப்பில் நுழைவு உண்டு. தமிழ்நாட்டில் அதற்கான தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. இரண்டுக்கும் யாரையும் பார்க்கத் தேவையில்லை.

ஐயா, அடுத்த கடிதத்தை உங்கள் மகனே எழுதட்டும். அவன் பிறந்த தேதி, பத்தாம் வகுப்பு மதிப்பெண், பள்ளியில் எந்த மொழியில் படிக்கிறான், தினமும் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது, கடையில் அவன் பார்க்கும் வேலை என்ன என்பதை எல்லாம் குறிப்பிடச் சொல்லுங்கள். எந்தெந்தத் தேர்வுக்கு அவனுக்கு இன்னும் வயது இருக்கிறது, எதை முதலில் எழுதவேண்டும் என்று அவனுக்கே நேராகப் பதில் எழுதுகிறேன்.